யோசனை சொல்ல ஒரு மூத்த கொத்தனார் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் நானும் என் மச்சானும் சேர்ந்து எனக்கு வீடு கட்டி வருகிறோம். காண்ட்ராக்டர் கிடையாது. நான் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்க்கிறவன். கம்பி வளைக்க, வெல்டிங் வைக்க, மட்டம் பார்க்கக் கை பழகியிருக்கிறது. வயரிங் மச்சான் பொறுப்பு. கல் நனைக்க, தண்ணீர் விட வீட்டுப் பெண்கள் இருக்கிறார்கள். லீவு நாளில்தான் வேலை நகரும். கையில் காசு வரவரக் கட்டலாம் என்பதால் இப்படிக் கட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர்.

பாடுபட ஆள் இருக்கிறது. பக்கத்தில் நின்று இது சரி, இது கூடாது என்று சொல்ல அனுபவப்பட்ட ஒருவர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பாக இருக்கிறது. கொத்தனார்கள் சதுர அடிக் கணக்கில் மொத்த வேலையையும் கேட்கிறார்கள். அவர்களுக்கும் பிழைப்பு, குறை சொல்ல மாட்டேன். பிளான் போட்டுக் கொடுத்த ஆபீஸில், "அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற அன்று வந்து பாருங்கள், தனியாக ஃபீஸ் தருகிறோம்" என்று கேட்டோம். யாரும் வரவில்லை.

எங்களுடையது கரிசல் மண். மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். இதில் கண்ணை மூடிக்கொண்டு அஸ்திவாரம் போட முடியுமா? கடைசியில் என் மனைவிக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் வந்தார். அந்தக் காலத்துக் கொத்தனார், கை நடுக்கம் வந்து கரண்டியைக் கீழே வைத்தவர். குழிக்குள் இறங்கி வெடிப்பில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை உள்ளே போனது. "வெடிப்பு முடியிற இடத்துக்கும் கீழே போகணும் மாப்பிள்ளை. இல்லாட்டி சுவர் மூலைக்கு மூலை கிழிஞ்சிரும்" என்றார். இன்னும் ஆழம் தோண்டினோம். அஸ்திவாரத்துக்கு அடியிலும் இரு பக்கமும் மணல் நிரப்பச் சொன்னார். மண் உப்பினாலும் அந்த மணல் தாங்கிக்கொள்ளுமாம். அப்புறம் தரைமட்டத்தில் சுற்றிலும் கம்பி கட்டி பெல்ட் கான்கிரீட் போடச் சொன்னார். செங்கல் வந்தபோது இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கணீரென்று ஒலித்த பிறகுதான் லோடை இறக்கவிட்டார்.

கூரைக்குக் கான்கிரீட் தளம் போடுகிற அன்றுதான் இப்படி ஒருவர் கட்டாயம் தேவை. கம்பிக்கு அடியில் 20 மி.மீ. இடைவெளிக்கு கவர் பிளாக் என்கிற சிறு சிமெண்ட் கட்டையை வைக்காமல் ஜல்லிக் கல்லைச் செருகிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கால் பட்டால் கல் நகர்ந்து கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும், பின்னாளில் துருப்பிடித்துக் காரை பெயரும். கலவை சுலபமாக ஓட வேண்டும் என்று மிஷினில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவார்கள். பெரியப்பா மிஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், அவர் கண் முன்னால் ஒருவரும் அப்படி ஊற்றவில்லை.

எனக்குச் சொந்தத்தில் ஒருவர் கிடைத்தார். கிடைக்காதவர்கள்? 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கும் வசதி 2024-ல் வந்துவிட்டது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அனுமதியும் பணமும் வந்த வேகத்துக்கு யோசனை சொல்ல ஆள் வரவில்லை.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 60 வயதான உறுப்பினர்களுக்கு ஓய்வூதியமும் தருகிறது. ஆக, மூத்த கொத்தனார்கள் யார், எந்த ஊர் என்ற விவரம் வாரியத்திடமே இருக்கிறது. அவர்களில் விருப்பமுள்ளவர்களையும், ஓய்வுபெற்ற ஓவர்சியர்களையும் சேர்த்து ஒன்றிய அலுவலகத்தில் ஒரு பட்டியல் வைக்கலாமே. வானம் தோண்டும்போது ஒருமுறை, கம்பி கட்டி முடித்ததும் ஒருமுறை, தளம் போடுகிற அன்று முழுநாள் என்று வந்து பார்த்தால் போதும். கட்டணத்தையும் அரசே நிர்ணயித்துவிட்டால் இருவருக்கும் சங்கடமில்லை. உடம்பு தளர்ந்தாலும் தொழில் தெரிந்த பெரியவர்களுக்கு அது கௌரவமான வருமானமாகவும் இருக்கும்.

மாவட்ட ஆட்சியர் இதைத் திருமங்கலம், கள்ளிக்குடி ஒன்றியங்களில் முதலில் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். கரிசல் மண்ணில் கட்டுகிற எங்களுக்குத்தான் இது அவசரத் தேவை.

இப்படிக்கு,
லேத் தொழிலாளி ஒருவர்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.