அப்படியேவா வரைந்தார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இம்மாத இதழில் ஆங்கில ஓவியங்கள் பற்றிய கட்டுரையில், 'தெமரேர்' என்ற பழைய போர்க்கப்பலை ஓவியர் டர்னர் "கண்ணால் கண்டதை அப்படியே வரைந்தார்" என்று ஒரு வரி. இரண்டு நாளாக அந்த 'அப்படியே' தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

தாங்கள் அறியாததா? 1838 செப்டம்பரில் அந்தக் கப்பலை உடைப்பதற்காகத் தேம்ஸில் இழுத்துப்போனபோது அதில் பாய்மரமே கிடையாது. விற்பதற்கு முன்பே கழற்றியாயிற்று. இழுத்தவை இரண்டு நீராவிப் படகுகள். டர்னர் ஒன்றைக் கழித்துவிட்டுப் பாய்மரங்களைத் திரும்ப நட்டார். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் சண்டை போட்ட கப்பலை மொட்டையாக வழியனுப்ப அவருக்கு மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

முப்பத்தோரு வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். "கத்தரிக்காய் கத்தரிக்காய் மாதிரியே இருக்கணும் சார்" என்று ஒரு பள்ளி ஆய்வாளர், பையன் வரைந்த நீலக் கத்தரிக்காயைக் கிழித்துப்போட்டதைப் பார்த்து நின்றவன். அந்த 'அப்படியே'யை உங்கள் இதழிலுமா படிக்கவேண்டும்?

லண்டனில் மகன் வீட்டில் இருந்தபோது நேஷனல் கேலரியில் அந்தப் படத்தின் முன் ஒன்றரை மணி நேரம் நின்றேன். (மருமகள் போன் செய்ததால்தான் நகர்ந்தேன்.) கப்பல் வெளிறி, ஆவி போல நிற்கிறது, முன்னால் இழுபடகு கன்னங்கரேல் என்று, நெருப்பும் புகையுமாக. கப்பலின் கயிறுகளுக்கு மெல்லிய கோடுகள். அந்தி வெயில் மேகத்தில் படுகிற இடத்திலோ சாயம் அப்பிக் கிடக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் மேடு தெரியும்.

நீங்கள் போட்ட படத்தில்தான் சூரியனே இல்லையே! அங்கே ஆண்டுச் சந்தா விளம்பரம். நடுப்பக்கம் வேறு, ஸ்டேப்ளர் பின் நேராகக் கப்பலில் இறங்கியிருக்கிறது. உடைக்கிறவர்களிடம் போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்கவில்லை போலும்.

சரி, இது புதிதா? ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் 'ஜின் லேன்' 1751இல் ஒரு ஷில்லிங்குக்கு விற்ற அச்சுப் படம். அதைத் 'தைல ஓவியம்' என்றீர்கள். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். "ஹோகார்த் கட்டுரை அருமை" என்று ஒரே வரியில் என் பெயரோடு வந்தது! தீபாவளி மலரில் ஆங்கிலச் சிறுகதையின் கடைசிப் பத்தியைக் காணோம். மொழிபெயர்த்தவர் பெயரும் இல்லை. அதற்கு எழுதிய கடிதம் எங்கே போயிற்றோ.

அடுத்த இதழில் அந்தப் படத்தை ஒரே பக்கத்தில், சூரியனோடு, வண்ணத்தில் போடுங்கள். பின்னட்டை என்றால் உத்தமம். அங்கே பின் குத்தாது.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், கும்பகோணம்