மாரிக்கு முன் வந்த டபுள் கேப்

ஒட்டுசுட்டான்,
புரட்டாதி மாதம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பழைய ஃபோர் வீல் வண்டி ஒன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தாய். அப்படி ஒன்றைத் தேடித்தான் நானும் ஊரூராக அலைந்துகொண்டிருந்தேன், அதனால்தான் பதில் பிந்தியது. வாங்கிவிட்டேன். ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப், இரண்டு வரிசை சீற்றும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ளது. எல்என் 106 மொடல், 1993ஆம் ஆண்டு வண்டி. முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே நிற்கிறது. தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் அம்மா தன் கையாலேயே சந்தனம் வைத்துத் தேங்காயும் உடைத்தாயிற்று.

அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். போன மார்கழியில் ஒரு இரவு அவவுக்கு மூச்சுத் திணறியது. நாலு நாள் விடாத மழை. எங்கள் ஒழுங்கை உனக்குத் தெரியும்தானே, களிமண், ஒரு ஓட்டோவும் உள்ளே வரவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி உழவு மெசினைக் கொண்டுவந்தான். பெட்டியில் மெத்தை போட்டு அம்மாவைப் படுக்கவைத்து, மேலே படங்கைப் பிடித்துக்கொண்டு நானும் மனைவியும் நின்றபடி போனோம். தார் வீதியில் ஏறவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. இப்போது அம்மா சுகம். ஆனால் அந்தப் படங்கில் மழை விழுந்த சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. அடுத்த மாரிக்கு முன் நாலு சில்லும் இழுக்கிற வாகனம் ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

முதலில் விலை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தை நீயும் கேள்விப்பட்டிருப்பாய். 2025 தொடக்கத்தில் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டார்கள்தான், ஆனால் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதியது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால்தான் முப்பது வயது வண்டிக்கும் ஆட்கள் அடிபடுகிறார்கள். நான் கொடுத்த தொகையை நேரில் சொல்கிறேன்.

நான் பார்த்த முதல் வண்டி வவுனியாவில் ஒரு பஜீரோ ஜீப். வெளியே பளபளப்பு, உள்ளே சீற் எல்லாம் புதிது. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். பொனற்றில் கை வைத்தால் சூடு! நான் வரமுதலே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டிருக்கிறார்கள். பழைய டீசல் இஞ்சின் குளிரில் எப்படி எழும்புகிறது, எழும்பும்போது என்ன புகை விடுகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் கூடப் போகிறது, அது திருத்தக்கூடியது. வெள்ளைப் புகை சூடேறிய பிறகும் நிற்காவிட்டால், தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பார்க்கவேண்டும். இன்னொன்று, அந்த 2.5 லீற்றர் டர்போ இஞ்சினுக்கு ரைமிங் பெல்ட், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பட்டி. எப்போது மாற்றியது என்று கேட்டேன், பதில் இல்லை. ஓடும்போது அது அறுந்தால் மேலே வால்வுகளைத் தள்ளும் ரொக்கர்கள் முறிந்து பெரிய செலவு வைக்கும். திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டாவது முல்லைத்தீவுக் கரையோரம், ஒரு டபுள் கேப். இஞ்சின் அருமை. எனக்குப் பிடித்தும்விட்டது. கூட வந்த மெக்கானிக் அண்ணை ஒரு வார்த்தை பேசாமல் கீழே படுத்துச் சின்னச் சுத்தியலால் வண்டியின் அடிச்சட்டமான சசியைத் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கணீர் கணீர் என்றது. பின் வில்லுக் கட்டு இருக்கும் இடத்தில் சத்தம் மாறி, மொத்தென்று விழுந்தது. புதிதாகப் பூசியிருந்த தாரைச் சுரண்டினால் இரும்பு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. பல வருசம் மீனும் ஐஸும் ஏற்றிய வண்டி. உப்புத் தண்ணீர் வடிந்து உள்ளிருந்தே தின்றுவிட்டது. மச்சான், இஞ்சினைப் பிறகும் கட்டலாம், பெயின்ற் அடிக்கலாம். சசி போனால் வாகனம் போனதுதான். நீ எதை மறந்தாலும் அந்தச் சுத்தியலை மறக்காதே.

மூன்றாவதைத்தான் வாங்கினேன். மாங்குளம் பக்கத்தில், ஓய்வுபெற்ற ஒரு உத்தியோகத்தரின் வண்டி. பெயின்ற் மங்கிப்போயிருந்தது, பின் பெட்டியில் நசிவுகள். ஆனால் அவர் ஒரு அப்பியாசக் கொப்பி வைத்திருந்தார். ஒயில் மாற்றிய நாள், கிலோமீற்றர், ரைமிங் பெல்ட், கிளச் பிளேற், எல்லாம் தன் கையெழுத்தில். அதைப் புரட்டியபோதே என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பதிவுப் புத்தகத்திலும் அவர் பெயர்தான், லீசிங் கம்பனியின் பெயர் எதுவும் இல்லை. சசி நம்பரும் இஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போயின. வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்த உரிமை மாற்றப் பத்திரம் நாலு கை மாறி வரும் வண்டியை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதே. பதிந்த உரிமையாளர் நேரில் நிற்கவேண்டும்.

ஏன் இந்த மொடல் என்று கேட்பாய். இதன் இஞ்சின் 2.8 லீற்றர், டர்போ இல்லை, கொம்பியூட்டர் இல்லை. முன்பக்கமும் முழு அச்சு, நாலு பக்கமும் பட்டை வில். தார் வீதியில் தூக்கித் தூக்கித்தான் போடும், அம்மாவுக்கு முன் சீற்றில் தலையணை வைக்கிறோம். ஆனால் இங்கே உள்ள கராஜ்களில் பிரித்துப் பூட்டத் தெரியாத ஒரு துண்டும் அதில் இல்லை. தொண்ணூறுகளில் எரிபொருள் தடையாக இருந்தபோது, ஒரு மூடி பெற்றோலில் இஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் காரை ஓட்டிய கைகள் இன்னும் இந்த ஊரில் இருக்கின்றன. நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வெள்ளைப் புகைக்குப் பின்னால் ஓடினோமே! அவர்களுக்கு விளங்கும் வாகனத்தைத்தான் நான் வாங்கவேண்டும் என்று நினைத்தேன்.

ஃபோர் வீல் உண்மையாகவே வேலைசெய்கிறதா என்பதையும் பார்த்துத்தான் வாங்கவேண்டும். கன வருசம் போடாமல் விட்டு லீவர் இறுகிப்போன வண்டிகள் கனக்க. இதில் முன் சில்லுகளின் நடுவில் கையால் திருப்பும் பூட்டு இருக்கிறது. அதைத் திருப்பிவிட்டு, மெதுவாக ஆனால் கூடப் பலத்தோடு இழுக்கும் லோ கியரில் போட்டு, முத்தையன்கட்டு வாய்க்கால் பக்கத்துச் சேற்றில் இறக்கிப் பார்த்தோம். முன் சில்லுகள் இரண்டும் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு ஏறின. அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது! காய்ந்த தார் வீதியில் மட்டும் ஃபோர் வீலைப் போட்டு ஓடாதே. இந்த மாதிரி வண்டியில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கியர் பெட்டியைக் கெடுக்கும். மாதத்துக்கு ஒருதரம் கிரவல் பாதையில் போட்டு ஓடினால் ஒயில் எல்லா இடமும் போய்ச் சேரும்.

இன்னும் வேலை இருக்கிறது. முன் அச்சு முட்டியில் சீல் கசிகிறது, சில்லுக்கு உள்பக்கம் கிறீஸ் வழிந்திருக்கிறது. பின் ரயர் இரண்டும் ஐப்பசி மழைக்கு முன் மாற்றவேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த கிழமையே எல்லா ஒயிலும் மாற்றிவிட்டேன். அந்த ஐயாவின் கொப்பியையும் கேட்டு வாங்கினேன், கடைசிப் பக்கத்துக்குக் கீழே என் கையெழுத்தில் தொடர்ந்து எழுதுகிறேன்.

நீ ஊரோடு வந்து அப்பாவின் காணியைச் செய்வது நிச்சயம் என்றால், வந்து இறங்கமுதல் எதையும் வாங்காதே, காசும் அனுப்பாதே. தை பிறந்ததும் வா. மெக்கானிக் அண்ணையிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். மூவருமாகப் போய்ப் பார்ப்போம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு. அம்மா உன்னை அடிக்கடி கேட்கிறா. எந்த பஸ் என்று மட்டும் எழுது, மாங்குளம் சந்தியில் வண்டியோடு நிற்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்