உறைந்த பர்கரும் கருவைக் கரியும்

மண்டபம்,
மே மாதம், ஞாயிறு மாலை.

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? உன் கடிதத்தில் பாதி முழங்கால் வலி, மீதி பர்கர். முழங்காலுக்கு நான் என்ன சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை, அதனால் பர்கருக்கு வருகிறேன். வளைகுடாவில் அத்தனை வருஷம் கேட்டரிங் கிச்சனில் வெந்துவிட்டு வந்தவன் இதையாவது உருப்படியாகச் சொல்ல வேண்டாமா?

பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள், மொட்டை மாடிக்கு கிரில் வாங்கியாயிற்று, ஃப்ரீசரில் உறைந்த பர்கர் வில்லைகள் பெட்டியோடு இருக்கின்றன. தங்கச்சி காலையிலேயே வெளியே எடுத்து வைத்து ஐஸ் உருக விட வேண்டும் என்கிறாள். மருமகன் அப்படியே நெருப்பில் போடலாம் என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறாய். இந்த ஒரு விஷயத்தில் மருமகன் சொல்வதுதான் சரி. மனசைத் தேற்றிக்கொள்.

கடையில் விற்கிற வில்லை மெலிசானது. கொத்துக்கறியை அச்சில் தட்டி, கடும் குளிரில் மளமளவென்று உறைய வைத்துவிடுகிறார்கள். அந்த வேகத்தில்தான் விஷயமே இருக்கிறது. இறால், கணவாய் ஏற்றுமதி செய்கிற கம்பெனிகளிலும் இதே கதைதான். மெதுவாக உறைந்தால் சதைக்குள் ஐஸ் பெரிது பெரிதாக வளர்ந்து நாரைக் கிழித்துவிடும். வேகமாக உறைந்தால் பொடிப் பொடியாகவே நின்றுவிடும். எப்படி உறைந்திருந்தாலும் ஐஸ் விடும்போது கொஞ்சம் சாறு வடியத்தான் செய்யும். மெல்லிய வில்லையை உருக விட்டால் அந்தச் சாறு தட்டிலேயே போய்விடும், வில்லையும் தொளதொளத்து கிரில் கம்பி இடுக்கில் பிய்ந்து விழும். கல் போல இருக்கும்போதே நெருப்பில் வைத்தால் வெளிப்புறம் முதலில் இறுகிவிடும், வில்லை உருக்குலையாது.

இன்னொரு காரணமும் உண்டு. மே மாத வெயிலில் சமையல் மேடையில் வைத்தால், நடுவில் ஐஸ் இருக்கும்போதே ஓரமெல்லாம் வெதுவெதுப்பாகிவிடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தங்கச்சி வீட்டிலேயே தடிமனாகத் தட்டி உறைய வைத்தது என்றால் வேறு. அதை முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, குளிரிலேயே ஐஸ் விட வைக்கலாம். ஒரு தட்டில் வைக்கச் சொல், இல்லையென்றால் வடிகிற தண்ணீர் காய்கறியில் இறங்கும்.

பெட்டியைப் பிரித்ததும் ஒன்று பார். வில்லைகள் நடுவே தாளோடு தனித்தனியாக வர வேண்டும். எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, பைக்குள் பனித்துகள் கொட்டி, ஒரு மூலையில் சிவப்பாகச் சாறு உறைந்து கிடந்தால், வழியிலோ கடையிலோ கரண்ட் போய் ஒரு தடவை உருகி மறுபடி உறைந்த சரக்கு அது. வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடு. என் மகன் ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவரும்போது மீன் வியாபாரிகள் மாதிரி தெர்மாகோல் பெட்டியில் பொடி ஐஸ் கொட்டி, அதற்குள் புதைத்துத்தான் எடுத்து வந்தான். ஐஸ் கம்பெனி பக்கத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் பர்கர் எப்படி வந்தது என்று நினைப்பாய். மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகாது. வலை பின்னுவது, பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது என்று எல்லோரும் கரையில்தான். வள்ளமும் நாட்டுப் படகும் கொண்டுவருகிற மீனுக்குத்தான் போட்டி, விலை கேட்டால் மயக்கம் வரும். இந்த மாசத்தில் ஊரில் எல்லாருக்கும் கறி ஞாபகம் வந்துவிடும். பேரன் வேறு பர்கர் பர்கர் என்று உயிரை எடுத்தான்.

நீ எழுதியதிலேயே எனக்குச் சிரிப்பு வந்த இடம் கரிதான். ஆன்லைனில் வெளிநாட்டுப் படம் போட்ட பை ஒன்று வாங்கினாயாமே, அதன் விலையை வேறு எழுதியிருக்கிறாய். ராமநாதபுரத்துக்காரன் கரியை விலை கொடுத்து வரவழைப்பதா! முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் கரிமூட்டம் புகைந்துகொண்டிருக்கும், மறந்துவிட்டாயா? சீமைக் கருவையை வெட்டி, துண்டு போட்டு, குவித்து அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண்ணால் மூடித் தீ வைப்பார்கள். காற்று சரியாகப் போகாமல் நாள் கணக்கில் உள்ளுக்குள்ளேயே வெந்து கரியாகும். முதலில் வெள்ளையாகக் கனத்த புகை வரும், அது மரத்தின் ஈரம். புகை மெலிந்து நீலம் பாய்ந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அந்த மூட்டை மூட்டையான கரிதான் லாரி ஏறி வெளியூர் ஓட்டல்களுக்கெல்லாம் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் மெஸ்கீட் என்று ஒரு மரம் உண்டு, இறைச்சி சுடுவதற்கென்றே பேர் போனது. அது நம் சீமைக் கருவையின் பங்காளி மரம். கருவையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானே. நிலத்தடி நீரைக் குடிக்கிறது, கண்மாயை அடைக்கிறது என்று நாம் திட்டுகிற மரம். 2017ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே அதை வேரோடு பிடுங்கச் சொன்னது. திட்டுவதில் நியாயம் இருக்கிறது, நானும் திட்டுகிறவன்தான். ஆனால் அடுப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. கெட்டியான மரம், கனமான கரி, சூடு நின்று பேசும். ஒரே தொந்தரவு, பற்ற வைக்கும்போது படபடவென்று பொறி தெறிக்கும். மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறாய் என்று ஞாபகம், அதிலிருந்து நன்றாகத் தள்ளி வை. நான் வீட்டுக்கு வடகடல் பக்கமாக, ஓலை வேலி இல்லாத இடத்தில் வைத்தேன். இப்போது தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கிவிட்டது, தென்கடல் பக்கம் வைத்தால் கரி பத்து நிமிடத்தில் தகதகத்துத் தீர்ந்துவிடும், பர்கரில் மணல்தான் மிஞ்சும்.

பற்ற வைக்க மண்ணெண்ணெய் ஊற்றாதே. அந்த வாடை கறியில் ஏறும். எங்களுக்கு இங்கே காய்ந்த பன்னாடையும் சிரட்டையும் போதும், கோயம்புத்தூரில் பழைய நியூஸ்பேப்பரைச் சுருட்டிப் போடு. அப்புறம் கரி முழுக்கச் சாம்பல் பூக்கும் வரை பொறு. கறுப்பாக இருக்கும்போதே அவசரப்பட்டால் புகைக் கசப்புதான் கிடைக்கும்.

சாம்பல் பூத்ததும் கரி முழுவதையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்கத்தைக் காலியாக விடு. நீ வாங்கியது மூடி போட்ட கிரில் என்று எழுதியிருந்தாய், நல்லது. கம்பியைத் தேய்த்து எண்ணெய் தடவிக்கொள். வில்லையை நேராகத் தணலின் தலையில் வைக்காதே, வெளியே கருகி நடுவில் ஐஸ் அப்படியே இருக்கும். தணலும் காலியிடமும் சந்திக்கிற ஓரத்தில் வை. கம்பிக்கு அரைச் சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால் நாலைந்து எண்ணும் வரை தாங்க வேண்டும், அந்தச் சூடு போதும். வைத்து மூடியைப் போடு.

முதல் சில நிமிடங்கள் ஒன்றுமே நடக்காது. ஆவி வரும், வில்லை வெளிறிப்போய்ப் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். மேலே ஈரம் இருக்கிற வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவக்கவோ அதற்கும் மேலே போக வேண்டும். உருகின தண்ணீர் போய்த் தீர்ந்தால்தான் நிறம் பிடிக்கும். எங்கள் கிச்சனில் புதிதாகச் சேர்கிற பையன்கள் இந்த இடத்தில்தான் பொறுமை இழப்பார்கள். கரண்டியால் அழுத்துவார்கள். சிர்ர் என்று சத்தம் வரும், பார்க்க ஜோராக இருக்கும், போவதெல்லாம் சாறு. கீழே விழுகிற கொழுப்பு தீப்பிடித்து மேலே எழும்பிக் கரியும் பிடிக்கும். மருமகன் கையில் கரண்டி இருந்தால் இதை மட்டும் சொல்லிவிடு. அப்படியே தீ எழும்பினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, சாம்பல் பறந்து முகத்திலும் கறியிலும் அடிக்கும். வில்லையைக் காலிப் பக்கம் நகர்த்திவிட்டு மூடியைப் போட்டால் தானாக அடங்கும்.

மேலே சாறு முத்து முத்தாகத் துளிர்த்ததும் திருப்பு. உப்பும் மிளகும் அப்போது தூவு, முன்னாலேயே தூவினால் பனியில் ஒட்டாமல் கீழே உருளும். மறுபக்கமும் வெந்த பிறகு கடைசியாகத் தணலுக்கு நேர் மேலே இழுத்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம் காட்டினால் நிறமும் வாசமும் வந்துவிடும். ஐஸ் விட்ட வில்லைக்கு ஆகிற நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு என்று கணக்கு வைத்துக்கொள். 100 கிராம் சொச்சம் உள்ள வில்லைக்கு மொத்தம் 12 நிமிடம் போல ஆகும். சீஸ் போடுவதென்றால் கடைசி நிமிடத்தில் வைத்து மூடு. பன்னைக் காலிப் பக்கத்தில் சுட்டுக்கொள்ளலாம்.

வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதே. இதில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். நாம் கடற்கரையில் சூடை மீனும் கணவாயும் சுட்டுத் தின்ற பழக்கத்தில் ஒரு ஊகம் வைத்திருப்போம், அது இங்கே செல்லாது. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேலேதான் இருக்கும், நெருப்பு பட்டதும் போய்விடும். கொத்துக்கறியில் மேலே இருந்ததெல்லாம் அரைபட்டு நடுவுக்குப் போயிருக்கும். 1993ல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கரால் இ.கோலை கிருமி பரவி 700 பேருக்கு மேல் படுத்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தே போனார்கள். வளைகுடாவில் எங்களுக்குச் சுகாதார வகுப்பு எடுத்தவர் முதலில் சொன்னது இதைத்தான். நடுவில் குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள், அதிகம் விலையில்லை. மேலிருந்து குத்தாதே, பக்கவாட்டில் நடு வரைக்கும் செருகு. ஆடு, மாடு என்றால் 71 டிகிரி, கோழி என்றால் 74. பச்சை வில்லை வைத்த தட்டிலேயே வெந்ததைத் திருப்பி வைக்கிற வேலையும் வேண்டாம்.

தக்காளி சாஸைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடு. நமக்கு வேறு இருக்கிறது. நம் ஊர் உருண்டை முண்டு மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு, உப்பு, துளி புளி சேர்த்து அரைத்து, நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தால் போதும். அதைப் பன்னில் தடவி, மேலே வெங்காயம் வை. நம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு வேறு கிடைத்திருக்கிறது, இனிமேல் உன் ஊர்க் கடையில் யாராவது அதன் பேரைச் சொல்லி வேறு எதையாவது தலையில் கட்டினால் சண்டை போட உனக்கு உரிமை உண்டு.

மற்ற செய்தி பெரிதாக இல்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ரயில் ராமேஸ்வரம் வரை போகிறது. நம் கூட வரலாறு வகுப்பில் தூங்குவானே, அவன் கப்பலுக்கு வழிவிட பாலத்தை மேலே தூக்குவதைப் பார்க்கவென்றே சாயங்காலம் கரைக்குப் போய் நிற்கிறான். தினமும் தூக்க மாட்டார்கள் என்றால் கேட்பதில்லை. நுங்கு இந்த வருஷம் நல்ல வரத்து.

மிளகாய் ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், கோயம்புத்தூர் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். கரி மூட்டையை ரயிலில் ஏற்ற விட மாட்டார்கள், அதற்கு நீதான் காரை எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஜூன் 15க்கு அப்புறம் வந்தாயென்றால் மீனும் இருக்கும். எந்தத் தேதி தோதுப்படும் என்று தங்கச்சியைக் கேட்டு எழுது.

இப்படிக்கு,
உன் கூட்டாளி