பச்சைச் சாயம்தானே என்று சொன்னேன்

அன்புள்ள கண்ணம்மா,

சனிக்கிழமை ராத்திரி நீ போனில் "நாடகம் எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டாய். "நல்லா இருந்தது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவ்வளவு ஆசையாக நீ டிக்கெட் எடுத்து அனுப்பியதற்கு அது ஒரு பதிலே இல்லை. ரயிலில் உட்கார்ந்திருந்தோம், சுற்றிலும் ஆட்கள், எனக்கோ தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அப்பா தூங்கிவிட்டார். நிதானமாக எழுதுகிறேன்.

லண்டன் விக்டோரியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே அந்த அப்போலோ விக்டோரியா தியேட்டர். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன், உள்ளே காலெடுத்து வைத்தது இதுதான் முதல் முறை. 1930இல் சினிமா கொட்டகையாகக் கட்டினார்களாம். உள்ளே கடலுக்கடியில் இருக்கிற மாளிகை மாதிரி அலங்காரம். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' கதையில் வருகிற பச்சை முகத்துச் சூனியக்காரியின் கதையை அவள் பக்கமிருந்து சொல்கிற இந்த 'விக்கிட்' பாட்டு நாடகம், 2006 செப்டம்பரிலிருந்து அங்கேயே நடக்கிறது. மேடைக்கு மேலே பெரிய டிராகன் ஒன்று, திரையில் கதை நடக்கிற ஆஸ் நாட்டின் வரைபடம், நடுவில் மரகத நகரம் மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. ஆட்டம் தொடங்கும் முன்பே நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொடக்கமே என்னை உலுக்கிவிட்டது. சூனியக்காரி செத்துவிட்டாள் என்று ஊரே கூடி ஆடிப்பாடுகிறது. அப்போதுதான் எனக்கு நம் வீட்டு ஞாபகம் வந்தது. நீ சின்னவளாக இருந்தபோது, அந்தப் பழைய 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாய். சூறாவளியில் பறந்துவந்த வீடு ஒருத்தியின் மேல் விழுந்து அவள் சாவாள். குள்ள மனிதர்கள் எல்லாரும் பாடுவார்கள், நீயும் நானும் கை தட்டிக்கொண்டே கூடப் பாடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பச்சை முகத்துச் சூனியக்காரி புகையோடு வந்து இறங்கியதும் முதலில் கேட்பது என்ன தெரியுமா? தன் தங்கையைக் கொன்றது யார் என்று! கண்ணெதிரே உடல் கிடக்கிறது, ஊர் கொண்டாடுகிறது, தங்கையின் காலில் இருந்த செருப்பு வேறொருத்தி காலுக்குப் போய்விடுகிறது. அவளிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல யாரும் இல்லை. இத்தனை வருஷமாக இந்தக் காட்சியைப் பார்க்கிறேன், துக்கத்தோடு வந்தவள் அவள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. நாடகம் என் கண்ணைத் திறந்துவிட்டுத்தான் இதைக் காட்டியது.

படத்தின் கைவேலையை இப்போது பார்த்தாலும் அசந்துபோகிறேன். 1939இல் வந்தது. அந்தச் சூறாவளி, மஸ்லின் துணியில் செய்த 35 அடி நீளக் குழாய்தானாம், அதைத்தான் சுழற்றி எடுத்திருக்கிறார்கள். வீட்டின் கதவைத் திறந்ததும் பழுப்பு நிற உலகம் வண்ணமாக மாறுகிற இடம் உனக்கு ரொம்பப் பிடிக்கும், இல்லையா? அறைக்குப் பழுப்புச் சாயம் பூசி, கதாநாயகி டோரத்தியாக நடித்த ஜூடி கார்லண்டுக்குப் பதிலாகப் பழுப்பு உடை போட்ட இன்னொரு பெண்ணைக் கதவைத் திறக்க வைத்து, அவள் விலகியதும் நீல உடையில் ஜூடி உள்ளே வருகிறாள். ஒரே ஷாட். விஷயம் தெரிந்த பிறகும் அந்த இடத்தில் எனக்கு மூச்சு நின்றது.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். முதல் பாதி முடிகிற இடம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. எல்ஃபபா, அதாவது அந்தப் பச்சைச் சூனியக்காரி, துடைப்பத்தோடு மேலே எழும்புகிறாள். கருப்பு உடை கீழே விரிந்துகொண்டே போகிறது, பின்னாலிருந்து வெளிச்சக் கற்றைகள் பாய்கின்றன, அவள் குரல் கூரையைத் தொடுகிறது. அப்பா என் காதில், "உடைக்குள்ளே லிஃப்ட் மாதிரி ஒண்ணு தூக்குது" என்றார். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் கூத்தில் இரண்டு பேர் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, கீழே ராஜாவின் கால் தெரியும், அதற்காக ராஜா வரவில்லை என்று யாராவது நினைப்போமா? அப்படித்தான் இதுவும். இதே நாடகத்தை வைத்து 2024இல் வந்த சினிமாவில், எல்ஃபபாவாக நடித்த சிந்தியா எரிவோ கோபுரங்களுக்கு நடுவே எவ்வளவோ தூரம் பறக்கிறாள். கண்ணுக்கு விருந்துதான். எனக்கென்னவோ மேடையில் அவள் ஏறிய அந்தச் சில அடிகள்தான் பறப்பதாகத் தெரிந்தது. அவளும் நாங்களும் ஒரே காற்றைத்தானே சுவாசித்துக்கொண்டிருந்தோம்!

அதற்காகச் சினிமாவைக் குறைத்துச் சொல்லவில்லை. நடன மண்டபக் காட்சியில் சினிமாதான் மேல். எல்லாரும் சிரிக்க, எல்ஃபபா அந்தக் கூம்புத் தொப்பியோடு தனியாக ஆடுவாள். அந்தத் தொப்பியைக் கேலிக்காகக் கொடுத்ததே அவளோடு படிக்கிற கிளிண்டாதான். பிறகு அவளே வந்து, அந்த அசைவுகளை அப்படியே செய்து பக்கத்தில் நிற்பாள். மேடையில் அது சட்டென்று முடிந்துவிடுகிறது. சினிமாவில் கிளிண்டாவாக நடித்த அரியானா கிராண்டேவின் முகத்தில் வெட்கம் ஏறி இரக்கமாக மாறுவதைக் கிட்டத்தில் பார்க்க முடிகிறது. அதே சமயம் அந்தப் படம் 2 மணி 40 நிமிடம் ஓடியும் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது, மீதி 2025இல் தனிப் படமாக வந்தது. மேடையில் இடைவேளையோடு சேர்த்தே ஏறக்குறைய அவ்வளவு நேரத்தில் முழுக்கதையும் முடிந்துவிடுகிறது. துக்கம் ஆறுவதற்குள் அடுத்தது வந்து இடிக்கிறது. எனக்கு அந்த வேகம்தான் பிடித்தது.

ஆட்டுத்தலைப் பேராசிரியர் வருகிறாரே, அவரை மறக்க முடியவில்லை. வகுப்பில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், பேசுவதே குற்றம் என்று ஆனதும், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு போய், கடைசியில் வெறும் ஆட்டின் குரலாகிவிடுகிறார். மேடையில் அந்தக் குரலைக் கேட்டபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. நீ இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்தபோது, எல்ஃபபாவைப் பார்த்து உன் ஞாபகம் வரும் என்றுதான் என்னைப் போகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் அவளைவிட அதிகமாகக் கிளிண்டாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபுரத்தில் எல்ஃபபா "என்னோடு வா" என்கிறாள். வர வேண்டும் என்று கிளிண்டாவுக்கும் ஒரு கணம் தோன்றுகிறது. பிறகு நடுங்குகிற சிநேகிதியின் தோளில் ஒரு கருப்பு அங்கியைப் போர்த்திவிட்டு, தான் நின்றுவிடுகிறாள். அன்பு இல்லாமல் இல்லை. பயம்.

உனக்குப் பதினான்கு வயது. வகுப்பில் ஒரு பெண் திருடினாள் என்று சொல்லி எல்லாரும் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். நீ எழுந்து நின்று, அவள் எடுக்கவில்லை, நான் பார்த்தேன் என்று சொன்னாய். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, உங்கள் பெண் அடங்காதவள் என்றார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் நீ நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாய். "ஊர் ஓடினால் ஒத்து ஓடு. உனக்கு ஏன் இந்த வேலை?" என்று உன்னை நிறுத்திவிட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது, என் கோட்டைக் கழற்றி உனக்குப் போட்டுவிட்டேன். அதைச் செய்ததால் நல்ல அம்மாவாக இருந்துவிட்டதாகவே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். மேடையில் அந்த அங்கியைப் பார்த்ததும் எனக்கு உட்கார முடியவில்லை, கண்ணம்மா. அன்றைக்கு நான் உன் பக்கம் நின்றிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

இன்னொரு விஷயமும் உனக்குத் தெரிய வேண்டும். பழைய படத்தில் நீ எந்த இடத்தில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய் என்று நினைவிருக்கிறதா? கண்ணாடி உருண்டைக்குள் டோரத்தியின் அத்தை அவளைத் தேடுவாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் சூனியக்காரியின் முகமாக மாறிப் பரிகாசம் செய்யும். வேறு எதற்கும் பயப்படாத நீ அதற்கு அலறுவாய். "அது வெறும் பச்சைச் சாயம்தானே" என்று நான் சமாதானம் சொல்வேன்.

அந்தச் சாயம் பூசிக்கொண்டவர் மார்கரெட் ஹாமில்டன். நடிக்க வரும் முன் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். விவாகரத்தாகி, கையில் சின்ன மகனோடு இருந்த காலம் அது. 1938 டிசம்பரில், புகைக்கு நடுவே அவர் மறைகிற காட்சியை எடுக்கும்போது, கீழே இறங்குவதற்குள் நெருப்பு எழும்பிவிட்டது. முகமும் கையும் வெந்துபோயின. அந்தப் பச்சைச் சாயத்தில் செம்பு கலந்திருந்ததால் புண்ணின் மேலேயே ஆல்கஹால் வைத்துத் துடைத்தெடுத்தார்களாம். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்து, இனிமேல் நெருப்புப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு மீதியை நடித்துக் கொடுத்தார். படத்தில் அவர் வருவது மொத்தம் சுமார் 12 நிமிடம்தான். தன்னைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை உறுத்தியிருக்கிறது. 1975இல் 'மிஸ்டர் ராஜர்ஸ்' என்ற குழந்தைகள் டி.வி. நிகழ்ச்சிக்குப் போய், சாதாரண உடையில் உட்கார்ந்து, அந்தக் கருப்பு உடையையும் தொப்பியையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டி, இது வேஷம்தான் என்று விளக்கினார். அதைத் தேடிப் பார். எவ்வளவு மென்மையான குரல்! நீ பயந்த வயதில் எனக்கு இது தெரிந்திருந்தால் இதைத்தான் உனக்குக் காட்டியிருப்பேன்.

பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீ கோபித்துக்கொள்வாய். நாடகத்தின் கடைசியில் எல்ஃபபாவும் கிளிண்டாவும் பிரியும்முன் சேர்ந்து பாடுகிறார்களே, அந்தப் பாட்டுக்காக நாடகத்துக்குப் பாட்டெழுதி இசையமைத்த ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் தன் மகளிடம்தான் போய்க் கேட்டாராம், உன் உயிர்ச் சிநேகிதியை இனிமேல் பார்க்கவே முடியாது என்றால் அவளிடம் என்ன சொல்வாய் என்று. மகள் சொன்னதிலிருந்து பிறந்ததாம் அந்தப் பாட்டு. பெற்றவர் கேட்டார், பிள்ளை சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார். ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் செய்த இன்னொரு காரியத்தையும் கண்டுபிடித்தேன். எல்ஃபபா தன் ஆசையைப் பாடுகிறபோது திரும்பத் திரும்ப ஒரு மெட்டு வரும். வானவில்லுக்கு அப்பால் போக வேண்டும் என்று ஜூடி பாடுவாளே, ஹெரால்ட் ஆர்லன் மெட்டமைத்த அந்தப் பாட்டின் முதல் ஏழு சுரம்தான் அது. தாளக்கட்டும் பின்னணியும் வேறாக இருப்பதால் காதுக்குப் பிடிபடாது. டோரத்தியின் ஆசையும் சூனியக்காரியின் ஆசையும் ஏழு சுரத்துக்கு ஒன்றாகவே போகின்றன. இரண்டையும் நானே முனகிப் பதிவு செய்து உனக்கு அனுப்புகிறேன், சுருதி கொஞ்சம் விலகியிருக்கும், பொறுத்துக்கொண்டு கேள்.

உன் வகுப்பில் திருடினாள் என்று சொன்னார்களே, அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்? உன்னோடு பேச்சு உண்டா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல். அன்றைக்கு மழையில் நான் நிறுத்திவிட்டேனே, அதை முதலிலிருந்து சொல். எவ்வளவு நேரமானாலும் சரி.

அன்புடன்,
அம்மா