நகரச் சந்தை மீன் பகுதித் தரையைச் சரிசெய்யக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
நகரச் சந்தை மீன் பகுதி வியாபாரிகள், சுமைதூக்கும் தொழிலாளர்கள், சந்தைக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துவரும் வழிகாட்டிகள்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: மீன் பகுதி நடைபாதையில் போட்ட வழவழப்பான டைல்ஸை எடுத்துவிட்டு, வாட்டத்துடன் (தண்ணீர் வடியும் சரிவுடன்) சொரசொரப்பான தரை போட்டுத் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: 1. தரை வேலை முடிந்த மாதமே நாங்கள் கொடுத்த மனு (பதில் இல்லை). 2. மழைக்கு முன் கொடுத்த நினைவூட்டு மனு (ஒப்புகைச் சீட்டு மட்டும் கிடைத்தது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தச் சந்தையைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பூப்பகுதி வாசலில் நுழைந்து, பழக்கடைகளைத் தாண்டி, மணிக்கூண்டுக்கு அடியில் மூன்று படி இறங்கினால் மீன் பகுதி. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் வருவது இந்த வழியாகத்தான். அவர்கள் வருகைக்காகத்தான் சந்தையை அழகுபடுத்தும் வேலை நடந்தது. அதற்கு நன்றி. கூரையில் வெளிச்சம் வந்திருக்கிறது, பெயர்ப்பலகைகள் ஒரே அளவில் இருக்கின்றன. குறை சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று காலடியில் இருக்கிறது.

1. முன்பு அங்கே இருந்தது கொத்திவிட்ட கருங்கல் தரை. பார்க்க அழகில்லை, ஆனால் ஈரத்திலும் கால் நின்றது. அதன் மேலேயே நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கலவை போட்டுப் பளபளப்பான டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். வரவேற்பறையில் போடும் ரகம். உலர்ந்திருக்கும்போது கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மீன் பகுதியில் தரை உலர்ந்திருப்பது வார விடுமுறை அன்று மட்டும்தான்.

2. தண்ணீர் எவ்வளவு என்பதைக் கணக்காகச் சொல்கிறோம். வெப்பப் பகுதியில் மீன் கெடாமல் இருக்க ஒரு கிலோ மீனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் போடுவது தொழில் வழக்கம். ஐஸைக் குறைத்தால் மீன் கெடும், எனவே அதைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. 18 கடைகள் இருக்கின்றன. கடைக்கு 50 கிலோ என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 900 கிலோ. உருகினால் 900 லிட்டர். மீன் கழுவும் தண்ணீர் இதில் சேரவில்லை. இந்தத் தண்ணீர் வெறும் தண்ணீரும் அல்ல, மீன் கொழுப்பும் கோழையும் செதிலும் கலந்தது. வெறும் தண்ணீரில் வழுக்காத கால்கூட இதில் வழுக்கும்.

3. இத்தனை தண்ணீரும் எங்கே போக வேண்டும்? இரு பக்கமும் கடை ஓரமாக ஓடும் சாக்கடைக்கு. அதற்கு வாட்டம் வேண்டும். ஈரத் தரைக்கு நூறுக்கு ஒன்று முதல் ஐம்பதுக்கு ஒன்று வரை வாட்டம் விடுவார்கள். நடைபாதையின் அகலம் மூன்று மீட்டர். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒன்றரை மீட்டர். எழுபத்தைந்துக்கு ஒன்று என்று வைத்தால் நடுப்பகுதி ஓரத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் போதும். இரண்டே சென்டிமீட்டர், ஐயா. கொத்தனாரிடம் வேலை பழகப் போகும் பையன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது இது. இங்கே ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவிலேயே நிற்கிறது. அவ்வளவு நேர்த்தியாகத் தப்பு செய்திருக்கிறார்கள்.

அது போதாதென்று, சாக்கடை மூடியின் இரும்புச் சட்டத்தை டைல்ஸைவிட அரை சென்டிமீட்டர் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். தரை மட்டம், சட்டம் வரப்பு. 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அரை சென்டிமீட்டர் ஆழம். பெருக்கிப் பார்த்தால் 300 லிட்டர் தண்ணீர் எங்கும் போகாமல் நடைபாதையிலேயே நிற்க இடமிருக்கிறது. சோதித்துப் பார்க்க ஒரு வாளித் தண்ணீர் போதும். நடுவில் ஊற்றிவிட்டுச் சாக்கடைப் பக்கம் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு சொட்டு விழும் சத்தமும் கேட்காது.

4. விழுகிறவர்கள் பெரும்பாலும் பயணிகள்தான், எங்கள் ஆட்கள் குறைவு. காரணம் எளிது. தினமும் வருகிறவர் தரையைப் பார்த்து, பாதத்தை முழுதாகப் பதித்து, சிறு எட்டு வைத்து நடக்கிறார். முதல்முறை வருகிறவர் கூரையைப் பார்க்கிறார், மீனைப் பார்க்கிறார், கைப்பேசித் திரையில் மீனைப் பார்க்கிறார். எட்டி வைத்து நடக்கிறார். எட்டி வைக்கும்போது குதிகால்தான் முதலில் படும், வழுக்குவதும் அங்கேதான். படம் எடுக்க ஓரடி பின்னால் நகர்ந்தால் கேட்கவே வேண்டாம். விழும்போது கையை ஊன்றுவார்கள், மணிக்கட்டு போகும். பக்கத்தில் பிடிக்க இருப்பது வெட்டுப்பலகை. அதன் மேல் கத்தி. இதை எழுதவே கை நடுங்குகிறது.

விழுகிறவருக்குப் பின்னால் தலையில் 40 கிலோ கூடையோடு ஒருவர் வருவார். அவரால் சட்டென்று நிற்க முடியாது. நின்றால் அவரும் விழுவார்.

5. படிகள். டைல்ஸ் போட்டதில் தரை நான்கு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டதல்லவா? அதனால் மூன்று படிகளில் மேல் இரண்டும் 15 சென்டிமீட்டர், கடைசிப் படி 11 சென்டிமீட்டர். ஒரு படிக்கட்டில் படிகளின் உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே கால் தடுமாறும், ஏனென்றால் முதல் இரண்டு படியிலேயே கால் அளவைக் கற்றுக்கொள்கிறது. இங்கே எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே தரை வந்து காலில் இடிக்கிறது. இடிக்கும் இடத்தில் தேங்கிய தண்ணீர். பக்கத்தில் உள்ள சாய்தளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 41 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்று சாய்த்தால் ஏறக்குறைய 5 மீட்டர் நீளம் வேண்டும். இருப்பது 2 மீட்டர். சக்கர நாற்காலியில் வருகிறவரை இரண்டு பேர் பிடித்து இறக்குகிறோம், அந்த இரண்டு பேரின் காலும் அதே டைல்ஸ் மேல்தான் நிற்கிறது.

6. சாக்கடை மூடியின் கம்பி இடைவெளி 25 மில்லிமீட்டர், கம்பிகளும் நடக்கும் திசையிலேயே ஓடுகின்றன. ஊன்றுகோல், குதிகால் செருப்பு, பெட்டிச் சக்கரம், குழந்தை வண்டிச் சக்கரம் எல்லாம் மாட்டும். இடைவெளி 13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கம்பி குறுக்கே ஓட வேண்டும். மூடிக்கு அடியில் செதில் பிடிக்கும் சல்லடைக் கூடையும் இல்லை. செதிலும் குடலும் நேரே குழாய்க்குள் போய், கொழுப்போடு சேர்ந்து இறுகிவிடுகின்றன. உடைந்த தெர்மக்கோல் மணிகள் மிதந்து வந்து வாயை அடைக்கின்றன. அடைப்பெடுக்க வருபவர் மூடியைத் தூக்கிக் குத்திவிட்டு, மறுபடி எப்படியும் அடைக்கும் என்று திறந்தே போட்டுவிட்டுப் போகிறார். அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை.

7. கழுவும் முறை. காலை பத்து மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வருகின்றன. சரியாகப் பத்து மணிக்குத்தான் குழாயை வைத்துத் தரையில் தண்ணீர் அடிக்கிறார்கள். வெறும் தண்ணீர் கொழுப்பை எடுக்காது, தரை முழுவதும் மெல்லிய படலமாகப் பரப்பத்தான் செய்யும். வேகமாக அடித்தால் தரை அழுக்கு தெறித்து மீன் மேல் விழும். சுடுதண்ணீரும் ஆகாது, புரதம் வெந்து தரையில் ஒட்டிக்கொள்ளும். முறை இதுதான்: முதலில் செதில், குடலைத் தள்ளி அள்ள வேண்டும். பிறகு பச்சைத் தண்ணீர். பிறகு கொழுப்பெடுக்கும் காரச் சோப்புக் கரைசலைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கெட்டியான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சோப்பு நிற்காமல் அலச வேண்டும், மீந்த சோப்பும் வழுக்கும். கடைசியில் ரப்பர் தள்ளுகோலால் தண்ணீரைச் சாக்கடைக்குத் தள்ள வேண்டும். எந்தச் சாக்கடைக்கு, அந்த வரப்பைத் தாண்டி எப்படி என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் இந்த மனு.

8. இரண்டாவது மனுவுக்குப் பிறகு நடந்த ஒரே நடவடிக்கை, 'வழுக்கும் தரை, கவனம்' என்று எழுதிய மஞ்சள் பலகை ஒன்று வந்ததுதான். அதைப் படிக்கட்டுக்கு மேலே, உலர்ந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். கீழே வைத்தால் அதுவும் வழுக்கி விழுகிறது.

இடத்தைப் பார்வையிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டோம். வார விடுமுறை நாளில் வந்தார்களாம். தண்ணீர்த் தேக்கம் ஏதும் இல்லை என்று குறித்துக்கொண்டார்களாம். மீனே இல்லாத நாளில் தண்ணீர் எப்படித் தேங்கும், ஐயா? தயவுசெய்து ஒரு வேலை நாளில், பத்தரை மணிக்கு, ஷூ போடாமல் செருப்போடு வந்து மணிக்கூண்டிலிருந்து கடைசிக் கடை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். கைப்பிடிக்க இரண்டு பேரை நாங்களே அனுப்புகிறோம்.

9. நாங்கள் சும்மா இருக்கவில்லை. அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டோம். நனைந்த அட்டை டைல்ஸ் மேல் தானே சறுக்குகிறது. பிடிப்பு நாடா ஒட்டினோம், ஈரத்தில் ஓரம் கிளம்பி இப்போது காலைத் தடுக்குகிறது. ரசாயனப் பூச்சு அடிக்கலாம் என்று யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். தள்ளுவண்டிகள் ஓடும் பாதையில் அது சீக்கிரமே தேய்ந்துவிடும், வாட்டத்தையும் அது கொடுக்காது.

10. நாங்கள் கேட்பது:

அ) டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, இரு பக்கமும் குறைந்தது எழுபத்தைந்துக்கு ஒன்று வாட்டத்தில் கலவை போட வேண்டும். பழைய கருங்கல் அடியில் அப்படியே கிடக்கிறது. சேதமில்லாமல் வந்தால் அதையே மறுபடி கொத்திப் போட்டாலும் எங்களுக்குச் சம்மதம்.

ஆ) டைல்ஸ்தான் வேண்டும் என்றால் வழுக்குத்தடை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஆர் 9 முதல் ஆர் 13 வரை என்று ஜெர்மானியத் தரநிலை ஒன்று உண்டு, எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு அளப்பது. மீன் பதப்படுத்தும் இடங்களுக்கு அதில் மிக உயர்ந்த ஆர் 13-ஐத்தான் சொல்கிறார்கள். வேலை முடிந்தபின் ஈரத் தரையில் பிடிப்பை அளக்கும் பெண்டுலம் சோதனை செய்து, அளவு 36-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் ஆகட்டும். இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தாலே பாதித் தொல்லை தீரும்.

இ) சாக்கடைச் சட்டம் தரையைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். சல்லடைக் கூடையைத் தினமும் காலி செய்யும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

ஈ) வேலையைப் பாதிப் பாதியாகச் செய்யுங்கள், ஒருமுறைக்கு ஒன்பது கடைகள். கலவைக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டிய பிறகே வண்டி விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் மறுபடி இதே மனுவை எழுத வேண்டிவரும். அடைக்கும் ஒன்பது கடைக்காரர்களுக்குப் பூப்பகுதி வாசலில் தற்காலிக இடம் கொடுத்தால் போதும், நஷ்ட ஈடு கேட்கவில்லை.

உ) படி, சாய்தளம் - மேலே சொன்னபடி.

ஊ) அதுவரை, நாளையிலிருந்தே, கழுவும் நேரத்தைப் பேருந்துகள் வருவதற்கு முன்னால் எட்டரைக்கு மாற்ற உத்தரவிடுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, டெண்டர் தேவையில்லை. ஒரு கையெழுத்துதான்.

கழிப்பறைப் பூட்டு, வழிகாட்டி வரைபடம் பற்றியெல்லாம் தனி மனுக்கள் உண்டு. அவற்றை இதில் கலக்கவில்லை. கலந்தால் வரைபடம் மட்டும் வந்துவிடும்.

வழிகாட்டிகள் இப்போது முதியவர்கள் உள்ள குழுக்களை மணிக்கூண்டோடு நிறுத்தி, மேலிருந்தே மீன் பகுதியைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வேறு வழியில்லை. யாருக்காக டைல்ஸ் போட்டீர்களோ அவர்கள் அதில் கால் வைப்பதே இல்லை. கால் வைக்கும் நாங்கள் அதைக் கேட்கவும் இல்லை.

ஆகவே ஐயா அவர்கள் இந்த மூன்றாவது மனுவையாவது கனிவுடன் பரிசீலித்து, தரையை வாட்டத்துடன் மாற்றித் தருமாறும், கழுவும் நேரத்தை உடனே மாற்றுமாறும் பணிந்து வேண்டுகிறோம். தரையை மாற்றித் தாருங்கள் ஐயா. பலகை வேண்டாம், தரையை மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீன் பகுதி வியாபாரிகள், சுமைதூக்கும் தொழிலாளர்கள், வழிகாட்டிகள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய இரு மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டின் நகல், ரசமட்டம் வைத்து எடுத்த படங்கள் நான்கு.