ஆயா நினைவாக ஒரு பொதுச் சாமான் அறை: நன்கொடை வேண்டுகோள்

புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி சொந்தங்களுக்கும், இங்கே பிறந்து வேறு ஊரில் குடியேறிய நம் தெருப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சென்ற தை மாதம் ஆயா போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். 92 வயசு. கல்யாணச் சாவு. விடிய விடிய மேளமும் கானாவுமாக இருந்து, மறுநாள் மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம். பிள்ளைகள் ஐந்து பேர், பேரன் பேத்திகள், கொள்ளுப்பேத்தி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடியது. காரியம் முடிந்ததும் படம் போட்டு பெரிய பேனர் வைக்கலாமா, தண்ணீர்ப் பந்தல் வைக்கலாமா என்று பேச்சு வந்தது. பேனர் மழைக்குக் கிழிந்துபோகும், தண்ணீர்ப் பந்தல் சித்திரையோடு சரி. ஆயா வாழ்நாளெல்லாம் செய்துகொண்டிருந்த வேலையையே தொடரலாம் என்று முடிவானது.

அந்த வேலையைப் புதுத் தலைமுறைக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, பத்து வயசுப் பிள்ளையாக மாட்டு வண்டியில் பொன்னேரிப் பக்கம் போய், பயம் தெளிந்த பிறகு திரும்பி வந்தவர் ஆயா. தாத்தாவுக்குப் பின்னி மில்லில் தறி வேலை. ஒரு வருஷ போனஸில் வாங்கியதுதான் அந்தப் பித்தளை அண்டா. நூறு பேருக்குச் சோறு வடிக்கலாம். கல்யாணமோ சாவோ, மஞ்சள் நீராட்டோ, தெருவில் யார் கேட்டாலும் கொடுத்துவிடும். “எடுத்துனு போ, கழுவி எடுத்தாந்து குடு, அவ்ளோதான்.” வாடகை என்ற பேச்சே கிடையாது.

யார் வீடு, என்ன சாதி, என்ன மதம் என்றும் கேட்டதில்லை. 1921 வேலைநிறுத்தத்தின்போது ஒரே மில்லில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்ததையும், இந்தப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததையும் அம்மா வாயால் கேட்டு வளர்ந்தவர். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் ஆயாவின் குரல் தணிந்துவிடும்.

1996இல் மில் மூடியபோது மகனுக்கும் வேலை போனது. நகையெல்லாம் ஒவ்வொன்றாகச் சேட்டுக் கடைக்குப் போனது. அண்டா மட்டும் போகவில்லை. சுனாமி அன்று மத்தியானம் அந்த அண்டாவில் சோறு வடித்து, மீன்பாடி வண்டியில் ஏற்றிக் காசிமேட்டுக்கு அனுப்பியது ஆயாதான். வண்டியை மிதித்தவர்களில் இருவர் இன்று நம் கமிட்டியில் இருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். போன வருஷம் நம் தெருவில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் திடீரென்று இறந்துபோனார். ஸ்டான்லியிலிருந்து வீடு வரை இலவச அமரர் ஊர்தி வந்தது. அந்தச் செலவு மிச்சம். ஆனால் ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள், முன்பணம் கைக்கு வராமல் வண்டியிலிருந்து இறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, அது அவர் பிழைப்பு. பெட்டி, சாமியானா, நாற்காலி எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏழாயிரத்துக்கு மேல். அந்தத் தம்பியின் மனைவி வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தது. இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஆயா வீட்டு முன்னறையில் ஒரு பொதுச் சாமான் அறை வைக்கிறோம். குடும்பத்தார் வாடகை இல்லாமல் இடம் கொடுக்கிறார்கள். ஐஸ் பெட்டி ரூ.75,000, நூறு நாற்காலி ரூ.55,000, இரும்புக் கம்பியோடு சாமியானா ரூ.40,000, அண்டா, குண்டான், கரண்டி வகைக்கு ரூ.30,000. மொத்தம் இரண்டு லட்சம். குடும்பத்தார் ரூ.60,000 கொடுத்துவிட்டார்கள். மீதி ரூ.1,40,000 நாம் சேர்க்க வேண்டும்.

சாவு வீட்டுக்கு எதற்கும் காசு கிடையாது. கல்யாணம், காதுகுத்துக்குச் சாமான் எடுப்பவர்களிடம் ஒரு சிறு தொகை வாங்குவதா என்று கமிட்டியில் இரண்டு மணி நேரம் சண்டை நடந்தது. வாங்குவது என்றே முடிவு. ஆயாவுக்கு இது பிடித்திருக்காது. ஆனால் பித்தளை அண்டாவுக்குக் கம்ப்ரஸர் கிடையாதே. ரிப்பேருக்கு ஒவ்வொரு தடவையும் உங்களிடம் வந்து நிற்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

நூறு ரூபாயும் பெரிய உதவிதான். ஒரு நாற்காலிக்கு ரூ.550 ஆகிறது, அப்படிக் கொடுக்க விரும்பினாலும் சரி. நாற்காலியின் முதுகில் கொடுத்தவர் பெயர் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மன்னிக்கவும், எழுதப்போவதில்லை. பெயரும் தொகையும் அறை வாசலில் ஒட்டும் கணக்குத் தாளில் இருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் பெரிய பாத்திரம் இருந்தால் ஈயம் போயிருந்தாலும் கொடுங்கள், பூசிக்கொள்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசீதுப் புத்தகத்தோடு கமிட்டி ஆட்கள் இருவராக வீடு வீடாக வருவார்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். வெளியூரில் இருப்பவர்கள் கமிட்டியின் வங்கிக் கணக்கு விவரத்தை ஆயாவின் பெரிய பேத்தியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஐப்பசி மழைக்கு முன்பே எல்லாம் வாங்கிவிட வேண்டும். நம் தெருவில் தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறும் என்று எல்லாருக்கும் தெரியும். ஐஸ் பெட்டிக்கு இடுப்பளவு இரும்பு ஸ்டாண்டு அடிக்க வெல்டிங் பட்டறையில் சொல்லியாயிற்று. கூலி வேண்டாம், கம்பிக்கு மட்டும் காசு கொடுங்கள் என்று சொல்லிவிட்டார் பட்டறைக்காரர்.

இப்படிக்கு,
ஆயா நினைவுப் பொதுச் சாமான் கமிட்டி,
புளியந்தோப்பு, சென்னை