ஹைபிரிட் காரில் நியூட்ரல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் காரின் மைலேஜ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருள விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்றும், 10 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்ததில் லிட்டருக்கு 31 கிலோமீட்டர் கிடைத்தது என்றும் அதில் இருந்தது. முதலாவது ஆபத்தான யோசனை. இரண்டாவதைக் கணக்கு என்றே சொல்ல முடியாது. 11 ஆண்டுகளாக ஹைபிரிட் ஓட்டுகிறேன். பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்து வைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நியூட்ரலில் உருட்டுவது, இன்ஜின் இழுக்கும் காற்றிலேயே பெட்ரோல் கலந்து போகும் கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். அன்றைய வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும், கியரில் இருக்கும்வரை இன்ஜின் பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்ஜெக்‌ஷன் (கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வந்த பிறகு நிலைமை தலைகீழ். கியரில் வைத்துக் காலை எடுத்தால் பெட்ரோல் முழுவதுமாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். ஹைபிரிடிலோ இன்ஜினை அணைத்துக்கொண்டே ஓடும் வசதி பிறவியிலேயே உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்த டொயோட்டாவின் முதல் ஹைபிரிட் காரான ப்ரியஸிலிருந்தே அப்படித்தான். அதில் நியூட்ரலைப் போட்டால் மோட்டார்கள் விலக்கப்பட்டுவிடும், பேட்டரி சார்ஜ் ஏறாது. பிரேக்கை மிதிக்கும்போது மின்சாரமாகத் திரும்ப வேண்டிய ஆற்றல் பிரேக் பேடில் சூடாகிப் போகும். நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு ஏறினால் பிரேக் பிடிப்பே குறையும். உயிரோடு விளையாடும் விஷயம் இது. எந்த வாசகரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

சரி, உருள விடவே கூடாதா? தாராளமாக விடலாம், கியர் 'டி'யில் (டிரைவ், அதாவது முன்னே ஓட்டும் நிலை) வைத்தபடியே. என் காரில் ஆற்றல் ஓட்டத்தைக் காட்டும் திரை உண்டு. காலை முழுவதுமாக எடுத்தால் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஓர் அம்பு ஓடும். வண்டியை யாரோ பின்னாலிருந்து மெல்லப் பிடித்து இழுப்பது போல் இருக்கும். அந்த நிலையில் கால் கட்டைவிரலின் பாரம் மட்டும் படும்படி ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அம்பு மறையும். இன்ஜினிலிருந்தும் அம்பு இல்லை, பேட்டரிக்கும் இல்லை. டயர் சத்தம் மட்டும் கேட்கும். உண்மையில் உருள்வது என்றால் இதுதான். பாதத்துக்கு இது பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

சார்ஜ் ஏறுவது நல்லதுதானே, அதை ஏன் தவிர்க்க வேண்டும் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். வேகம் குறைய வேண்டிய இடத்தில் அது மிக நல்லது. சிக்னல் சிவப்பாவது தூரத்திலேயே தெரிந்தால், முன்கூட்டியே மென்மையாகப் பிரேக்கைத் தொட்டுப் பேட்டரியில் சேர்க்கலாம். ஆனால் வேகம் குறையத் தேவையே இல்லாத இடத்தில் அது நஷ்டம். சக்கரத்தின் ஓட்டம் மின்சாரமாகி, மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இடையே மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் வழியே பேட்டரிக்குப் போய், அதே வழியில் திரும்பி வருவதற்குள் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழிந்துபோகும். ஓட்டத்தை ஓட்டமாகவே வைத்திருப்பதில் அந்தக் கழிவு இல்லை.

அளவு தெரிய ஒரு கணக்கு. 1400 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதிலுள்ள இயக்க ஆற்றல் சுமார் 194 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் 35 சதவீதம் சக்கரத்துக்கு வருகிறது என்று கொண்டால், அந்த வேகத்தை எட்ட 17 மில்லி பெட்ரோல் வேண்டும். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம். அவசரப் பிரேக் ஒவ்வொன்றிலும் போவது இதுதான்.

இனி அந்த 31. இங்கேதான் எனக்கு மிகுந்த வருத்தம். ஹைபிரிடில் இரண்டு சேமிப்பு இருக்கிறது, டேங்க் ஒன்று, பேட்டரி மற்றொன்று. கட்டுரையில் டேங்க் கணக்கு மட்டும்தான் இருந்தது. இரண்டாம் தலைமுறை ப்ரியஸின் பேட்டரி சுமார் 1.3 கிலோவாட் மணி கொண்டது. காரின் கணினி அதில் 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் மட்டுமே புழங்கவிடும். அதாவது அரைக் கிலோவாட் மணி. அதில் பாதி கரைந்தாலே ஏறத்தாழ 80 மில்லி பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தரும் கார் 10 கிலோமீட்டருக்கு 400 மில்லி குடிக்க வேண்டும். பேட்டரி 80 மில்லி கடன் கொடுத்தால் 320 போதும். திரையில் 31 என்று வரும்! மறுநாள் இன்ஜின் அந்தக் கடனை அடைக்கும்போது எழுதியவர் அளந்து பார்த்தாரா? பேட்டரி அளவு தொடக்கத்தில் என்ன, முடிவில் என்ன என்ற ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை. சுமார் 23 கிலோமீட்டர் ஓடும் டபிள்யூஎல்டிபி என்ற சர்வதேச மைலேஜ் சோதனையிலேயே பேட்டரியின் இந்த ஏற்றத்தாழ்வுக்குத் திருத்தம் செய்கிறார்கள்.

கட்டுரையில் மைலேஜ் எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்ததும் தவறு. 10 கிலோமீட்டர் ஏற்றத்தில் லிட்டருக்கு 15, அதே 10 கிலோமீட்டர் இறக்கத்தில் 60 என்றால் சராசரி 37.5 அல்ல. மொத்தம் 20 கிலோமீட்டருக்குச் செலவு 0.83 லிட்டர், ஆக 24தான். மொத்த தூரத்தை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும், வேறு வழியே கிடையாது.

டேங்க் நிரப்பி அளப்பதிலும் பிழை உண்டு. பம்ப் 'டக்' என்று நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆனால் 35 லிட்டரில் கிட்டத்தட்ட 3 சதவீதம். ஆனால் 10 முறை நிரப்பிய கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். நடுவிலுள்ள பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், முதலும் கடைசியும்தான் மிஞ்சும். 350 லிட்டரில் ஒரு லிட்டர் பெரிய விஷயமே இல்லை. டயர் தேய்ந்தால் ஓடோமீட்டர் 2 சதவீதம்வரை கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்கலாம். என் காரின் திரை, நோட்டுக் கணக்கைவிட எப்போதும் 4 அல்லது 5 சதவீதம் கூடுதலாகவே சொல்லி வந்திருக்கிறது.

இனி மைலேஜ் எண் எதை அச்சிட்டாலும், எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எத்தனை முறை நிரப்பியது, பேட்டரியில் தொடக்கத்திலும் முடிவிலும் எத்தனை கோடு என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். நியூட்ரல் யோசனைக்கு அடுத்த இதழிலேயே, அந்தக் கட்டுரை வந்த பக்கத்திலேயே, திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்